ஊசி போட்ட பிறகு

"ஊசி போட்டுக்கோங்க சார், இட்லி வெந்துடுச்சு" என்று மேனேஜர் அன்புசெல்வனின் அறை வாசலில் நின்று சொன்னேன். தினமும் சொல்வதுதான். மனுஷன் சர்க்கரைக்காரர். என் குரல் கேட்ட பிறகுதான் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்வார். குத்தினால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆள் விழுந்துவிடுவார். கும்மிடிப்பூண்டியில் இந்த இரும்புக் கம்பி கம்பெனியின் கேன்டீனுக்கு நான் வந்த நாளிலிருந்து இப்படித்தான். ஒரு நாளும் அவரைக் காக்க வைத்ததில்லை.

இன்று கேன்டீனுக்குத் திரும்பி இட்லிப் பானையை இறக்கினேன். தட்டை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் பச்சையப்பனும் இங்கேதான் கம்பி கட்டினார். அவருக்கு வலிப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மாத்திரையில் வருஷக்கணக்காக நன்றாகத்தான் இருந்தார். போன மாதம் மாத்திரை தீர்ந்து வாங்கப் போனால், "உங்க வீட்டுக்காரர் பேரை கம்பெனியில எடுத்துட்டாங்கம்மா" என்று கையை விரித்துவிட்டார்கள். அவரைக் காண்ட்ராக்டில் தள்ளிவிட்டு ஈ.எஸ்.ஐ.யை நிறுத்தியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால் தாலியை அடகு வைத்தாவது வெளியே மாத்திரை வாங்கி வைத்திருக்க மாட்டேனா? நான் காசு புரட்டுவதற்குள் வேலையில் இருக்கும்போதே வலிப்பு வந்து, சூடு ஆறாத கம்பி மேல் விழுந்தார். வலது கை வெந்துபோய்விட்டது. இப்போது நான்தான் சோறு ஊட்டுகிறேன்.

நியாயம் கேட்கப் போனேன். "மேலேருந்து ஆர்டர் வந்துச்சும்மா. நோட்டீஸ் ஒட்டணும்னுதான் இருந்தோம். மறந்து போச்சு" என்றார் அன்புசெல்வன், நான் போட்ட நாஷ்டாவைத் தின்றுவிட்டுப் பல் குத்திக்கொண்டே. பாவி. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா ஈஸ்வரி, இட்லி எங்க?"

"இல்ல சார். நிறுத்திட்டேன்."

"ஊசி போட்டுக்கினேனே. முன்னாடியே சொல்ல வேணாமா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். மறந்து போச்சு."

அவர் பெஞ்சில் சரிந்தார். உதடு நடுங்கியது. பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் ஆகட்டும், இன்னும் கொஞ்சம் என்றது மனசு.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கெங்கம்மாள் ஓடி வந்து சர்க்கரை டப்பாவை என் மடியில் வைத்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு குந்திக்கிற? வாயில போடுடி. ஆளு பூடுவான்."

"என் ஊட்டுக்காரரு உளுந்தப்போ இவரு ரூமை வுட்டு வெளிய வந்தாரா?"

நான் டப்பா மூடியில் கை வைத்தேன். அன்புசெல்வனுக்குப் பேச வரவில்லை. கண் மட்டும் என் கையை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தது.