பங்குனி ஆமைக்கு எதிரே ஒரு தாத்தாப்பூ

எங்கள் கொட்டிவாக்கம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் இந்த வருடம் பட்டிமன்றம். ‘காப்பாற்ற வேண்டியது காட்டுப்பூவா, கடலாமையா?’ தலைப்பைப் பிடித்தவர் கிச்சா மாமா. நடுவரும் அவரே. போன வருடத் தலைப்பு ‘மாமியாரா, மருமகளா?’ அதில் பேசிய இரண்டு வீட்டார் இன்னும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. அதனால் இந்தத் தடவை வாயில்லா ஜீவன்களாகப் பார்த்து எடுத்தாராம்.

ஆமைக்கு என் மனைவி ஈவ்லின். ஏழு வருடமாக, பங்குனி ஆமை என்கிற கடலாமையின் முட்டைகளைத் தேடிக் காப்பாற்ற இந்தக் கடற்கரையில் நடப்பவள். பூவுக்கு ஆள் கிடைக்கவில்லை. “அல்போன்ஸ், நீங்க சும்மாத்தானே இருக்கேள்?” என்றார் மாமா. மறுக்க முடியாத வாதம்.

எனக்குத் தெரிந்த ஒரே காட்டுப்பூ தாத்தாப்பூதான்; வெட்டுக்காயப் பூண்டு என்பார்களே, அது. எங்கள் பார்க்கிங்கில் சிமெண்ட் விரிசலில் பூத்திருக்கும். பக்கத்தில் நிற்கும் என் காரைவிட நல்ல நிலையில்.

ஈவ்லினுக்கு மேடை என்றால் நடுக்கம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பாதியில் வார்த்தை வராமல் நின்று, எல்லோரும் சிரிக்க இறங்கி வந்தவள். அதற்குப் பிறகு மைக்கைத் தொட்டதில்லை. ஆமைக்காகத்தான் ஒத்துக்கொண்டாள்.

“இன்னிக்கும் நின்னுட்டேன்னா ஜென்மத்துக்கும் ஏற மாட்டேங்க” என்றாள் படியிறங்கும்போது.

நின்றுவிட்டாள். மூன்றாவது வரியில்.

“பங்குனி ஆமை... பங்குனி ஆமை வந்து...”

“பங்குனி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணுமா?” என்று முன்வரிசையில் யாரோ சிரித்தார்.

என் முறை வரவில்லை. இருந்தாலும் என் பக்கத்து மைக்கை எடுத்தேன்.

“நடுவர் அவர்களே! அந்த ஆமைக்கு என்ன பெருமை? வருஷத்துக்கு ஒரு தடவை வருது, முட்டையைப் போடுது, குஞ்சு முகத்தைக்கூடப் பார்க்காமப் போயிடுது. அதெல்லாம் ஒரு அம்மாவா? எங்க தாத்தாப்பூ நாள் பூரா இங்கயே கிடக்கு. முழங்கால் சிராய்ச்சா இலையைக் கசக்கி வெக்கலாம். ஆமையைக் கசக்கி வெக்க முடியுமா?”

கைதட்டல். ஈவ்லின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை.

“இன்னா சொன்னீங்க?”

மைக்கில்தான் கேட்டாள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு வரும் ‘இன்னா’.

“அம்மாவான்னா கேக்கறீங்க? அத்தனை வலையத் தாண்டி, பொறந்த கரையத் தேடி வருதுங்க அது. நீங்க பால் வாங்கப் போனாலே வழி தப்பி டீக்கடையில நிக்கறீங்க! நூறு முட்டைய மணலப் போட்டு மூடி, அமுக்கி, கண்ணுல தண்ணி வழிய வழியத் திரும்புது. ஆயிரம் குஞ்சுல ஒண்ணு பொழைச்சா பெரிசு. உங்க பூவு எந்தச் சந்துல விழுந்தாலும் முளைக்கும். அதுவும் நம்ம ஊருப் பூவே இல்ல, அமெரிக்காலேர்ந்து வந்தது!”

எழுதிக்கொண்டு வந்த காகிதம் எப்போதோ கீழே விழுந்திருந்தது. எட்டு நிமிடம் பேசினாள். ஐந்து நிமிடம் ஆமை, மூன்று நிமிடம் நான்.

தீர்ப்பு ஆமைக்கே. “அல்போன்ஸ், பூ வாடிடுத்து. ஆத்துக்குப் போய்த் தண்ணி தெளிச்சுக்கோங்கோ” என்றார் மாமா.

வீட்டுக்கு வந்தும் அவள் ஓயவில்லை. விட்டுப்போன பாயிண்ட்டுகளையெல்லாம் அடுப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வேணும்னேதானே என்னைச் சீண்டினீங்க?”

“சேச்சே. எனக்கு அவ்வளவு மூளை ஏது?”

“அதுவும் சரிதான்” என்றவள், தோசைக் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். “ஏங்க, அடுத்த வருஷம் என்ன தலைப்புன்னு மாமாகிட்ட இப்பவே கேட்டு வைங்க.”

மூன்றாவது தோசையும் கருகியது. அதையும் பிய்த்துத் தின்றேன். கருகினதும் நன்றாகத்தான் இருந்தது.