முன்சீட்டுச் சாட்சி

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டுமானால் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். யார் தலை என்பதைக் கேட்பவர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

குடியிருப்போர் சங்கம் ஒன்று, நடக்க முடியாதவர்களுக்காக இலவச வேன் விட்டது. சங்கத்தில் ஏழு பேர், வேன் ஒன்று, டிரைவர் ஒருவர். முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அந்த டிரைவருக்கு ‘ஊர்வலம்’ என்று பெயர். அவ்வளவு நிதானம். நடுரோட்டில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய வேனுக்கு, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதாகப் போலீஸ்காரர் இரண்டு முறை அபராதச் சீட்டு ஒட்டியிருக்கிறார். முன்சீட்டில் வரும் தையல்காரம்மா, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல்யாண உடுப்புக்கு ஊசி கோத்தால், அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் மணப்பெண்ணின் குழந்தைக்குச் சட்டை தைக்க வேண்டியிருக்கும்.

தையல்காரம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. வேனில் முதலில் ஏறுவதும் அவர்தான், கடைசியில் இறங்குவதும் அவர்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஊர்வலம், “வலிச்சுதா?” என்பார். “உங்களுக்கு?” என்பார் அவர். பதினொரு மாதமாக இவ்வளவுதான் பேச்சு. வாரத்தில் மற்ற நான்கு நாட்கள் எதற்கு இருக்கின்றன என்றே ஊர்வலத்துக்குப் புரியவில்லை.

ஒரு நாள் பூனை குறுக்கே வந்தது. ஊர்வலம் பிரேக் போட்டார். பின்சீட்டில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரின் பல்செட் பறந்து, ஜன்னல் வழியே வெளியேறி, அந்தப் பூனையின் வாயிலேயே கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. பூனை சிரித்தபடி போய்விட்டது.

வாத்தியார் வழக்குப் போடவில்லை. “போட்டிருந்தா?” என்று கேட்டார் சங்கத்து வக்கீல். அந்த ஒரு கேள்வியில் சங்கத்துக்கே காய்ச்சல் கண்டது.

“வழக்குன்னு வந்தா சங்கத்துல ஏழு பேர் வீடும் போயிடும்ணே,” என்று சொல்லி வக்கீல் ஊர்வலத்திடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். “புதுசா ஒரு சட்டம் கொண்டு வர்றாங்க. இலவசமா வண்டி விடுற சங்கத்து மேல சின்னச் சின்னக் கவனப்பிசகுக்கெல்லாம் வழக்குப் போட முடியாது. கண்ணுமண்ணு தெரியாம ஓட்டினாத்தான் மாட்டணும். அது வர்ற வரைக்கும் வண்டி ஷெட்டுலதான்.”

“வரலேன்னா?”

“வித்துடுவோம்ணே.”

ஊர்வலம் தினமும் ஷெட்டுக்குப் போய் அந்த முன்சீட்டைத் துடைத்தார். துடைத்துத் துடைத்துச் சீட்டின் நிறம் முழுக்கக் கைக்குட்டைக்கு வந்துவிட்டது.

மூன்றாவது வாரம், அந்தச் சட்டத்தை ஆராய்ந்த சட்டமன்றக் குழு, பயணிகள் தரப்பில் ஒரு சாட்சியைக் கூப்பிட்டது. வக்கீலின் காரில் தையல்காரம்மா போனார். ஊர்வலம் கடைசி வரிசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டிரைவர் எப்படிம்மா?” என்றார் குழுத் தலைவர்.

“ஒரு குழியக்கூட என்கிட்ட விசாரிக்காம தாண்டினதில்லைங்க. அந்த மனுஷன் மேல வழக்குப் போடணும்னா, மொதல்ல குழி மேல போடுங்க.”

“வண்டி நின்னதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“மூணு வாரமா சிகிச்சைக்கே போகலைங்க. கால் மடங்க மாட்டேங்குது.” தையல்காரம்மா கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “இந்த வேன் இல்லேன்னா என்னால அங்க போகவே முடியாது. சத்தியமா சொல்றேன்.”

ஊர்வலம் குனிந்து தரையைப் பார்த்தார். குறிப்பெடுத்த எழுத்தர் அழுத அழுகையில், அந்தக் கோப்பில் அந்த ஒரு பக்கம் மட்டும் இன்றுவரை காயவில்லை.

சட்டம் நிறைவேறியது. மறுநாளே ஊர்வலம் சாவியை வாங்கி, முதல் வேலையாகத் தையல்காரம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றினார். தெருமுனையில் முதல் பள்ளம்.

“வலிச்சுதா?”

“மூணு வாரமா,” என்றார் தையல்காரம்மா.

ஊர்வலம் வேகத்தைக் குறைத்தார். அதற்கு மேல் குறைக்க என்ன இருந்தது என்று யாரும் கேட்கக் கூடாது.

பன்னிரண்டு தெரு சுற்றி, மற்றவர்களை அவரவர் இடத்தில் இறக்கிவிட்டு, கடைசியாகத் தையல்காரம்மாவைச் சிகிச்சை மையத்தில் இறக்கினார். அது அந்த அம்மா வீட்டுக்கு நேர் எதிர் வாசல்.