பட்டியலில் சேர்த்த கைக்கடிகாரம்

வீட்டுப் பூட்டு உடைந்து தொங்கியதைப் பார்த்ததும் பெரியவள் பதறிப்போனாள். அது நியாயம். ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் அவள் மனசில் சத்தமில்லாமல் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது பாருங்கள், அதை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

போனவை நாலு பொருள். லேப்டாப், வெள்ளிக் கிண்ணம், பழைய கேமரா, கணவரின் பதக்கம். பதக்கம் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் வாங்கியது, அதுவும் மூன்றாம் பரிசு. தங்கம் என்று நினைத்துத் திருடன் ஏமாந்திருக்க வேண்டும். லேப்டாப் போனதற்கு உச்சுக்கொட்டிய மனுஷன், பதக்கம் போனதற்குச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸுக்குப் பட்டியல் எழுதும் வேலை பெரியவள் தலையில் விழுந்தது. விழாமல் என்ன? பஸ் நிலையத்தில் காணாமல் போன பொருள்களுக்கென்று இருக்கும் கவுன்ட்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். குடை என்றால் கைப்பிடி எப்படி, பை என்றால் ஜிப் எந்தப் பக்கம் பிய்ந்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதியே கை பழகிப்போனவள்.

நாலையும் எழுதி முடித்த பிறகும் அவள் பேனாவை மூடவில்லை. ஐந்தாவதாக எழுதினாள்: 'பெண்கள் கைக்கடிகாரம். வட்ட முகம். கண்ணாடியில் நாலு மணிக்கு நேரே விரிசல். ஓடாது. வாரின் கடைசித் துளை ஊசியால் போட்டது.'

அது திருடு போகவில்லை. அது காணாமல் போய் ஆறு வருஷம் ஆகிறது.

அம்மாவின் வாட்ச். அம்மா போன பிறகு அக்காவும் தங்கையும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு, வருஷத்துக்கு ஒருத்தி வைத்துக்கொள்வது. முதல் வருஷம் பெரியவள். அது முடிந்த சமயத்தில் சின்னவளின் கணவருக்குத் தொலைதூர ஊருக்கு வேலை மாறியது. கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் அக்கா வீட்டில் வந்து தங்கினாள். வாட்சைக் கேட்டாள். "அடுத்த மாசம் தரேன்டி" என்றாள் பெரியவள். கொடுக்க மனசு வரவில்லை, வேறொன்றும் இல்லை.

சின்னவள் போன மறுவாரம் அலமாரியைத் திறந்தால் வாட்ச் இல்லை. அலமாரியையே நகர்த்தினாள், அரிசி டப்பாவைக் கொட்டிப் பார்த்தாள், கணவரின் சட்டைப் பைகளை ஒன்று விடாமல் துழாவினாள். ஊரார் தொலைத்ததையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, வீட்டில் தொலைந்ததைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. தங்கையிடம் சொன்னது, "பத்திரமா பேங்க் லாக்கர்ல வச்சிருக்கேன்." ஞாயிறு தவறாமல் போன் வரும். "வாட்ச் இருக்கால்லக்கா?" "இருக்குடி."

இந்தப் பொய்யைக் காப்பாற்றப் போய் தங்கை வீட்டுப் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. போனால் வாட்சைக் கொண்டு போக வேண்டுமே. ஒவ்வொரு தடவையும் லீவு கிடைக்கவில்லை, முதுகுவலி என்று ஏதாவது ஒரு சாக்கு. விஷயம் தெரிந்தால் தங்கை முகத்தில் விழிக்க மாட்டாள் என்ற பயம் ஆறு வருஷமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது பழியைத் தூக்கிப் போட ஒரு திருடன் தானாக வந்து அகப்பட்டிருக்கிறான். விடுவாளா?

அன்றைக்கே தங்கைக்குப் போன் செய்து, அம்மா வாட்சும் திருடு போய்விட்டது என்றாள்.

"லாக்கர்ல இருக்குன்னு சொன்ன?" என்றாள் சின்னவள்.

"போன வாரந்தான் எடுத்துட்டு வந்தேன். ரிப்பேருக்குக் குடுக்கலாம்னு."

சின்னவள் ரிப்பேரைப் பற்றி மேலே கேட்கவில்லை. "திருடன் பரண்ல ஏறினானாக்கா?"

"பரண்லயா? ஏன்டி?"

"சும்மாதான் கேட்டேன்" என்றவள் விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

பெரியவளுக்குக் குறுகுறுத்தது. வாட்ச் போனதற்கும் பரணுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். பெட்டிகள் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. இறங்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஆள் அகப்பட்டுவிட்டான். லேப்டாப்பும் கிண்ணமும் கைமாறிப் போயிருந்தன. மேஜைமேல் கேமரா, பதக்கம், அவற்றின் பக்கத்தில் ஒரு வாட்ச்.

"உங்க பட்டியல் பிரமாதம்மா" என்றார் போலீஸ்காரர். "எல்லாரும் 'வாட்ச் ஒண்ணு'ன்னு எழுதித் தருவாங்க. நீங்க ஊசித் துளை வரைக்கும் எழுதியிருக்கீங்க."

பெரியவள் அதைக் கையில் எடுத்தாள். நாலு மணிக்கு நேரே விரிசல். கடைசித் துளை கொஞ்சம் கோணல். அம்மாவுடையதேதான். சந்தோஷம்கூட அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது ஆச்சரியம். ஆறு வருஷம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் தனக்குக் கிடைக்காததை, ஒரு மணி நேரம் வந்துபோன ஆள் எங்கிருந்து எடுத்தான்? இதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போனால் அவளுக்குத் தூக்கம் வராது.

"நான் அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"திட்டறதுன்னா சீக்கிரம் திட்டிட்டு வாங்க."

திருடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நடுவயசு, வழித்த முகம், ஏதோ ஆபீஸில் வேலை பார்ப்பவன் என்றுதான் சொல்லத் தோன்றும்.

"இந்த வாட்ச எங்கேருந்து எடுத்தீங்க?"

"உங்க வீட்லேருந்துதாம்மா."

"வீட்ல எந்த எடம்?" கவுன்ட்டரில் கேட்கிற அதே குரல்.

"பரண்ல, நீல சூட்கேஸ்ல. ஒரு சாக்ஸுக்குள்ள சுருட்டி, அத இன்னொரு சாக்ஸுக்குள்ள திணிச்சிருந்தாங்க. இவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்களே, நல்ல விலைக்குப் போகும்னு பாத்தேன். ரெண்டு கடையில காட்டினேன், சிரிச்சு அனுப்பிட்டாங்க."

"பெட்டி கலைஞ்ச மாதிரியே இல்லையே."

"மடிச்சத மடிச்சபடி வச்சு ஜிப்ப மூடிட்டுத்தாம்மா இறங்கினேன்" என்றான். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நீல சூட்கேஸ் சின்னவளுடையது. கிளம்புகிற அன்றைக்கு மூட்டை கூடிப்போயிற்று. "பழந்துணிதானே, அப்புறமா அனுப்பி வைக்கறேன்" என்று பெரியவளின் கணவர்தான் அதைத் தூக்கிப் பரணில் போட்டார். அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் அவர்; ஆறு வருஷமாகப் பெட்டி அங்கேயே கிடந்தது. சின்னவள் வாசலில் முகம் வெளுத்து நின்றதை, பிரிகிற துக்கம் என்று பெரியவள் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

"திருட்டுக் கழுதை" என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினாள். இரண்டு நிறுத்தம் வரைக்கும் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் உறைத்தது. அந்த வருஷம் சின்னவள் முறை. தன் முறைக்கு வர வேண்டியதை எடுத்தவள் எப்படித் திருடி ஆவாள்? கொடுக்காமல் வைத்துக்கொண்டவள் அல்லவா திருடி. அது மட்டுமா? ஞாயிறுதோறும் "இருக்குடி" என்று இவள் சொன்னபோதெல்லாம், அது பொய் என்று தெரிந்தேதான் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் போன் செய்தாள். "வாட்ச் கெடச்சுடுச்சுடி."

"எங்க இருந்துச்சாம்?" சின்னவள் அவசரமாகக் கேட்டாள்.

திருடன்கிட்டதான் என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை, இரண்டு பேர் மானமும் தப்பும். பெரியவள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"உன் சாக்ஸுக்குள்ள."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சின்னவள் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"அத்தான் பெட்டியத் தூக்கினப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலக்கா. நீயா கேப்ப, கேட்டதும் சொல்லிடலாம்னு இருந்தேன். நீ லாக்கர்னு சொல்லிட்ட."

"தொலைச்சுட்டேன்னு எந்த வாயால சொல்றது? வீட்டையே கொட்டிக் கவுத்துத் தேடினேன். அந்த பயத்துலதான் உன் வீட்டுக்கே வரல."

"வாட்சுக்காகவா?" என்றாள் சின்னவள். "நான் எடுத்தது உனக்குத் தெரிஞ்சுபோச்சு, அந்தக் கோவத்துல வர மாட்டேங்கற, லாக்கர் லாக்கர்னு குத்திக் காட்டறன்னுல்ல இத்தன வருஷமும் நெனச்சிட்டிருந்தேன்."

பெரியவள் காலண்டரில் தேதி பார்த்தாள். "சனிக்கிழமையே வரேன்டி. வாட்ச நானே கொண்டாந்து குடுக்கறேன்."

"வாட்ச விடு. என் பொண்ணுக்கு நாலு வயசாச்சுக்கா. பெரியம்மான்னா போன்ல மட்டும் வர்ற ஆளுன்னு நெனச்சிட்டிருக்கா."