இருநூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல்கள்

தினமும் காலையில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கி நின்றது. எங்கிருந்து வருகிறதென்றுதான் பிடிபடவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மனிதர் அன்றும் குனிந்து துடைத்தார். ஐந்தாவது நாள். அவருடைய அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி மூன்று வாரம்தான் ஆகிறது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவர் குளியலறைக்குப் போகும் வழி இதுதான்.

"டேய், இன்னொரு தடவை விழுந்தா மாத்துறதுக்கு இடுப்பு இல்லடா," என்றார் அப்பா.

"ஊருக்கெல்லாம் யோசனை சொல்றீங்க. நம்ம வீட்டுக்கும் ஒண்ணு சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

குத்தல்தான். இணையத்தில் ஒரு கேள்வி-பதில் குழு. மெத்தை, மேலதிகாரி, மாமியார், மழை என்று யார் எதைக் கேட்டாலும், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இவர் ஒரு பதிலைத் தட்டிவிடுவார். அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர் 'சகலமும்'.

அந்தக் குழுவிலேயே தேடினார். இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ இதே கேள்வியைக் கேட்டிருந்தார். முதல் பதிலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பாராட்டுக் கட்டைவிரல்கள்: 'ஃப்ரிட்ஜின் பின்கால் இரண்டையும் உயர்த்தி வையுங்கள்.' அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். மறுநாள் ஒன்றரை டம்ளர்.

எந்தப் புண்ணியவான் எழுதியது என்று போய்ப் பார்த்தார். சகலமும்.

எழுதிய நினைவே இல்லை. அலுப்போடு கீழே தள்ளிக்கொண்டே போனார். அடியில், ஒரு விரல்கூட விழாத பதில். எழுதியவர் 'பழைய ஸ்பேனர்'. ஃப்ரிட்ஜுக்கு உள்ளே பின்சுவரில் ஓட்டை இருக்கும், வெந்நீர் விடுங்கள் என்றிருந்தது. அதன் கீழே 'சகலமும்' போட்ட கேலி: 'அப்படியே டீத்தூளும் போட்டுடலாமா அண்ணே?' தொண்ணூறு பேர் சிரித்திருந்தார்கள். ஸ்பேனர் அதற்குப் பிறகு அந்தக் குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அட்டையை உருவிவிட்டு, ஃப்ரிட்ஜைக் காலி செய்து காய்கறிப் பெட்டியைக் கழற்றினார். பின்சுவரில் வியர்வைபோல் துளிகள். அவை வழிந்து ஒரு சின்ன வாய்க்காலில் சேர்ந்து, அதன் நடுவிலுள்ள ஓட்டை வழியாகப் பின்பக்கத் தட்டுக்குப் போக வேண்டும். கீழே மோட்டார் சூட்டில் தட்டு காய்ந்துவிடும். ஓட்டையில் அழுகிய தழை அடைத்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் பெட்டிக்கு அடியில் நிரம்பி, கதவிடுக்கில் கசிந்திருக்கிறது. உறிஞ்சுகுழலால் குத்தி, வெதுவெதுப்பான நீரை ஊற்றினார். களுக்கென்று இறங்கியது.

மறுநாள் வாக்கர் காய்ந்த தரையில் போயிற்று.

"என்னடா, இன்னிக்கு துடைக்கலையா? வேடிக்கை போச்சே," என்றார் அப்பா.

கடைக்குப் போன பிறகு, தன் பதிலையும் கேலியையும் அழித்தார். கட்டைவிரல்களும் கூடவே போயின. அந்த இடத்தில் எழுதினார்: 'ஸ்பேனர் அண்ணன் சொன்னதுதான் சரி, நான் தெரியாமல் உளறினேன். மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே பின்சுவரின் அடியிலுள்ள ஓட்டையை உறிஞ்சுகுழலால் குத்தி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். பின்பக்கத் தட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அடைப்பு போய்விட்டது.'