மேட்டுக்கு ஏறிய பெட்ரோல்

இஞ்ஞாசியம்மாள் விற்கும் இட்லி மாவில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்ற பேச்சு பேகம்பூர் முழுக்கப் பரவியபோது, அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு, போர் மோட்டாரை மட்டும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓடவிட்டார். கெட்ட தண்ணீர் எல்லாம் போய்விட்டால் நல்ல தண்ணீர் ஊறும் என்று நம்பினார். தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டே இருந்தது. வாடை குறையவில்லை, கூடியது.

அவர் வீட்டுக்குக் கிழக்கே, சுவரை ஒட்டி ஒரு காலி மனை. பல வருடங்களுக்கு முன் அங்கே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதை மூடியவர், மண்ணுக்கடியில் கிடந்த டேங்குகளைத் தோண்டி எடுத்து, குழியை மூடி மனையை விற்றுவிட்டார். வாங்கியவர் தோல் வியாபாரி ஹாமித். அவர் வீடு கட்டத் தொடங்குவதற்குள் இஞ்ஞாசியம்மாளின் புகார் மேலே போய்விட்டது. மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துக் காட்டச் சொல்லி அதிகாரிகள் உத்தரவு போட, ஹாமித் மதுரையிலிருந்து ஒரு நிறுவனத்தை வரவழைத்தார். அவர்கள் அனுப்பிய நிலத்தடி நீர் ஆய்வாளர்தான் ஷைனி.

டேங்க் இருந்த இடத்தில் துளை போட்டபோது, மேலே வந்த மண் சாம்பல் பூத்து, மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருந்தது. ஹாமித் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஷைனி மனையின் நான்கு பக்கமும் குழாய்கள் இறக்கி, தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் குழப்பமும் வந்தது. நிலம் கிழக்கே குளத்தை நோக்கிச் சரிகிறது. ஆனால் கிழக்குக் குழாயில் தண்ணீர் சுத்தம். மேற்கே, இஞ்ஞாசியம்மாள் வீட்டுப் பக்கம்தான் பெட்ரோல்.

ஹாமித் இதை விடவில்லை. "மேடம், எங்க மண்ணுல பெட்ரோல் இருக்கு, ஒத்துக்கிறேன். அது பள்ளத்துக்குத்தானே போகணும்? மேட்டுல ஏறி அந்தம்மா போருக்கு எப்பிடிப் போகும்? அவங்களுக்கு மேக்க முன்ன ஒரு ஒர்க்‌ஷாப் இருந்துச்சு. அங்க போயித் தோண்டுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது. "பாய், என் பொழப்பே போச்சு. நீங்க மேடு பள்ளம் பேசிக்கிட்டு இருக்கீங்க!"

ஷைனி ஒர்க்‌ஷாப் இருந்த இடத்திலும் துளை போட்டுப் பார்த்தாள். மண்ணில் ஒன்றுமில்லை. அலுவலகத்தில் அறிக்கை கேட்டு நெருக்கினார்கள். என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை அவள் நீர்மட்டம் அளக்க வந்த அன்று, மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரில் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மேற்குக் குழாயில் அளவு நாடாவை இறக்கியவள் திகைத்தாள். தண்ணீர் முன்பைவிட வெகுவாக மேலே நின்றது. நாடா பழுதோ என்று துடைத்து மறுபடி இறக்கினாள். அதே அளவுதான். மேற்கே உயரம், கிழக்கே தாழ்வு. நிலம் சரிகிற மாதிரியே தண்ணீரும் சரிந்திருந்தது. அப்போதுதான் சுற்றிலும் இருந்த அமைதி அவளுக்கு உறைத்தது. எப்போது வந்தாலும் காதைக் குடையும் மோட்டார் இரைச்சல் இல்லை.

அவள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. ஷைனி நாடாவைப் பிடித்தபடி குழாயடியில் குந்தியிருந்தாள். தண்ணீர் அவள் கண்ணெதிரே இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது.

ஹாமித்தை போனில் வரச் சொல்லிவிட்டு இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, ஒர்க்‌ஷாப் எல்லாம் காரணமில்ல. பெட்ரோல் சாரோட மனையிலருந்துதான் வருது. ஆனா அது தானா வரல. நீங்க நாள் பூரா மோட்டார் போடுறீங்கல்ல? அந்த இழுப்புல தண்ணி திசை மாறி, பெட்ரோலையும் சேத்துக் கூட்டிட்டு வருது."

இஞ்ஞாசியம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்தார். "அப்ப நானேதான் இழுத்து விட்டுக்கிட்டேனா தாயி?"

வாசலில் நின்ற ஹாமித் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். இனி பழியை அந்தம்மாள் தலையில் போடுவார் என்று ஷைனி பயந்தாள். ஆனால் அவர் கேட்டது வேறு.

"இவங்க இழுக்கலேன்னா அது எங்க போயிருக்கும்?"

"கெழக்க, சார். அந்த அடிபம்பு வரைக்கும் போயிருக்கலாம்."

ஹாமித் திரும்பிப் பார்த்தார். தெருக்கோடி அடிபம்பில் பெண்கள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றார். அதுவரை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "பெட்ரோல் எங்க மண்ணுல இருந்தது. அம்புட்டு வீட்டுக்கும் போக வேண்டியத நீங்க ஒத்த ஆளா வாங்கியிருக்கீங்க. இனி இது என் வேலை."

ஷைனி வழி சொன்னாள். மோட்டாரை உடனே நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பெட்ரோல் கிழக்கே போகும். கொஞ்சமாக ஓடட்டும். ஆனால் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல், கரி நிரப்பிய தொட்டி வழியாகச் சுத்தமாக வேண்டும். அதற்குள் பழைய குழியிலேயே ஒரு போர் போட்டு, அங்கிருந்தே பெட்ரோலை இழுத்துவிடலாம்.

"அதுவரைக்கும் நான் எதுல மாவு அரைக்க?" என்றார் இஞ்ஞாசியம்மாள்.

அடுத்த தெருவில் இருந்த தன் தங்கை ரஃபியாவின் வீட்டிலிருந்து குழாய் போட்டுத் தருவதாக ஹாமித் சொன்னார். அந்தத் தண்ணீரையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஷைனி சம்மதித்தாள். கிரைண்டர் மறுபடி சுற்றியது. முதல் நாள் மாவு வாங்கியது ரஃபியாதான். வாசலில் வைத்தே பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இதுல என்ன வாடையாம்? நீங்களே மோந்து பாருங்க," என்று தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டார். வாரம் திரும்புவதற்குள் பழைய ஆட்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள்.

குழியில் போர் இறங்கியதும் இஞ்ஞாசியம்மாளின் மோட்டாரை நிறுத்தினார்கள். கெட்ட மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஐப்பசி மழை முடிந்து எடுத்த சோதனையில், மேற்குக் குழாயில் பெட்ரோல் பாதிக்கும் கீழே வந்திருந்தது. கிழக்கே இன்னும் சுத்தம்.

"இனி என் போர்த் தண்ணியக் குடிக்கலாமா பாப்பா?" என்று கேட்டார் இஞ்ஞாசியம்மாள்.

"இன்னும் கூடாதும்மா. ஆனா எறங்கிட்டு வருது. அடுத்த மழைக்குப் பெறகு பாப்போம்."

குழியில் பம்பு ஓடும் மூலையை விட்டுத் தள்ளி, எங்கே வீடு கட்டலாம் என்று ஷைனி காட்டிக்கொடுத்தாள். ஹாமித் அந்த இடத்தில் அஸ்திவாரத்துக்கு அளவுக் கயிறு பிடித்தார். மறுமுனையை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாமல் அவர் சுற்றுமுற்றும் பார்க்க, இஞ்ஞாசியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு மனைக்குள் வந்தார்.