மூடிக்கு மேல் எழுந்த சுவர்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு ரோஷம் அதிகம். அதே அளவுக்கு யோசனையும் இருந்திருந்தால் என் ரோஜாச் செடி பிழைத்திருக்கும்.

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு நாள் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. தண்ணீர் இறங்கியதைப் பார்க்காமல் ஓடவிட்டது யார் என்று சண்டை. நீதான் என்றார் இவர். நான் சுவிட்சைத் தொடவே இல்லை என்றான் அவன். அந்தச் சூட்டோடு வீட்டை இரண்டாக்கி, கொல்லையின் குறுக்கே சுவரும் எழுப்பிவிட்டார்கள். கயிறு பிடித்து அரை அங்குலத்துக்கு அடித்துக்கொண்டவர்களுக்கு அஸ்திவாரம் தோண்டப் பொறுமை இல்லை. வெறுந்தரையிலேயே செங்கல்லை அடுக்கியாயிற்று.

பாகத்தில் கிணறு அவனுக்கு, செப்டிக் டேங்க் எங்களுக்கு. குழாய்களைப் பிரிக்க மட்டும் இருவருக்கும் மனம் வரவில்லை, செலவாகுமே. அவன் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் குடித்தோம். அவன் வீட்டில் கழித்ததெல்லாம் எங்கள் டேங்குக்கு வந்து சேர்ந்தது. பேச்சுவார்த்தை ஒன்றுதான் இல்லை.

நானும் என் ஓரகத்தியும் அந்தப் பைத்தியக்காரத்தனத்தில் சேரவில்லை. துணி காயப்போடும்போது சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஒரு நாள் அவள் குரலே சரியில்லை.

"பாப்பாவுக்கு மறுபடியும் வயித்தால போகுதுக்கா. கிணத்துத் தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுத்தோம். கிருமி இருக்காம். டேங்க் கசிஞ்சிருக்கும்னு சொல்றாங்க."

இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கும் குழந்தை. அதை இவர் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. நேரே இவரிடம் போனேன்.

"ஏங்க, டேங்க கடைசியா எப்ப எடுத்தோம்?"

"அத எதுக்கு எடுக்கணும்? நல்லாத்தான போகுது."

"எங்க போகுதுன்னு தெரியுமா? உங்க தம்பி மக வயித்துக்குப் போகுது."

அவர் முகம் சுண்டிப்போனது. மறுநாள் காலை டேங்கை உறிஞ்சும் லாரி வாசலில் நின்றது.

"மூடி எங்கங்க?" என்றார் லாரிக்காரர்.

இவர் ராஜா மாதிரி கையை நீட்டினார். அங்கே தோண்டினால் வெறும் மண். இன்னோர் இடத்தைக் காட்டினார், அங்கே வேர். அடுத்தது என் ரோஜாச் செடி. கடைசியில் லாரிக்காரர் பொறுமையிழந்து, கக்கூஸ் குழாய் போகும் திசையிலேயே கம்பியால் குத்திக்கொண்டு போனார். சுவரடியில் 'டங்'கென்றது. மண்ணை விலக்கினோம். பாதி மூடி எங்கள் பக்கம், மீதி சுவருக்கு அந்தப் பக்கம்.

"யாருங்க மூடி மேல சுவர் கட்டினது?"

சத்தம் கேட்டு வந்த கொழுந்தன் சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"சுவர இடிக்கணும்னு அவன்கிட்ட சொல்லுங்க," என்றார் இவர் லாரிக்காரரிடம்.

"யாரு வேணாங்கறான்னு கேளுங்க," என்றான் அவன், அதே லாரிக்காரரிடம்.

அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இருக்கிற நாத்தம் போதாதா? நீங்களே பேசிக்கங்க."

பேசவில்லை. ஆளுக்கொரு கடப்பாரையோடு அவரவர் பக்கத்திலிருந்து இடித்தார்கள். சுவர் பொலபொலவென்று விழுந்து, ஓர் ஆள் தாராளமாக நுழையும் அளவுக்கு வழி விட்டது. லாரி டேங்கை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனது. கிணற்றுப் பக்கம் இருந்த விரிசலைக் கொத்தனார் வெளியிலிருந்தே தோண்டிப் பூசினார். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீரை இறைத்துக் கொட்டி, மறுபடியும் டெஸ்ட்டுக்குக் கொடுத்தோம். சுத்தம் என்று வந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் கொத்தனார் வந்து, "சுவர அடைச்சிரலாங்களா?" என்றார்.

"மூடி மேல இனிமே எதுவும் இருக்கக் கூடாது," என்றார் இவர், மூடியைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பது போல. "செங்கல்லு, பூந்தொட்டி, ஆளு, எதுவும்."

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இடுப்பிலிருந்த குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள்.

அது விறுவிறுவென்று தவழ்ந்து வந்து, மூடியின் நட்டநடுவே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தட்டியது. சட்டம் போட்டவருக்கு வேறு வழியில்லை. குனிந்து தூக்கினார். அது அவர் மீசையைப் பிடித்துக்கொண்டது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

கொழுந்தன் சுவர் இடிந்த சந்துக்கு வந்து கையை நீட்டினான். "குடுண்ணே."

"மோட்டார எரிச்சது யாருன்னு சொல்லு, குடுக்கறேன்."

அவன் மகளைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "நான்தான்."

இவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லடா, நான்தான்," என்றார். குழந்தையை மட்டும் கொடுக்கவில்லை.