தண்ணீரில் அவர் பங்கு

பசியாவரத்தில் ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கல்லும் கிடையாது, கயிறும் கிடையாது. ஆனாலும் வீட்டில் உலை வைக்க வழியில்லாதவன்கூட அடுத்தவன் தண்ணீரில் வலையை இறக்க மாட்டான்.

என் வீட்டுக்காரர் ஒல்லாந்தர் கப்பலேறிக் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குப் போனார். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனார், மகராசன். கப்பலேறியவன் பாட்டை ஊர் பறிப்பதில்லை. வருஷா வருஷம் பாடு பிரிக்கும் நாளில் தலைவர் துளசிங்கம் அவன் பெயரைக் கூப்பிடுவார்; வீட்டிலிருந்து ஒருவர் "வருவாரு" என்று சொன்னால் போதும், அந்தத் தண்ணீர் அவனுக்காகச் சும்மா கிடக்கும். புருஷன் பெயரை நான் வாயால் சொல்லக் கூடாது. அதைக் காதாலாவது கேட்கலாம் என்று அந்த ஒரு நாளுக்காக ஏங்கிக் கிடப்பேன்.

ஒரு வருஷம் அந்த நாளுக்கு முன்பே கண்ணப்பன் ஊர் திரும்பினான். அவரோடு ஒன்றாகப் போனவன். அவருக்கு அங்கே வேறு பெண்டாட்டியும் பிள்ளையும் இருப்பதையும், இனி வர மாட்டேன் என்று அவரே சொன்னதையும் கரையில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டான். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், பாவி.

பாடு பிரிக்க ஊர் கூடியது. வராதவனுக்கு எதற்குப் பாடு என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் மீனே இல்லை.

துளசிங்கம் கையமர்த்தினார். "ஏரில யாருனா கோடு போட்டு வச்சிகீறாங்களா இன்னா? கீதுன்னு நாம எல்லாரும் நெனைக்கிறோம், அதான் கீது. இன்னிக்கி இவன கைவுட்டா, நாளிக்கி கப்பல்ல கீற உன் புள்ளையயும் வுட்ருவோம்."

பிறகு அவர் என் புருஷன் பெயரைக் கூப்பிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தைதான். நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வருவாரு" என்றது ஊர்.

முணுமுணுத்தவர்களும் சொன்னார்கள். கண்ணப்பனும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அந்த ஊரில் அவருக்காகக் காத்திராதவள் அன்றைக்கு நான் ஒருத்திதான். காத்திருக்கிற அவர்களில் ஒருத்தியாக நானும் இருந்துவிடக் கூடாதா என்று அழுகை அழுகையாக வந்தது.